மறுநாள் வந்த ஆட்சேபம்

பொருநை ஆறு தெற்கே வளைந்து திரும்பும் இடத்திலுள்ள மங்கலம் என்ற ஊரில், ஆவுடையப்பன் இன்று பேசியது நாளைக்குத்தான் கேட்கும். பேசிய இடத்திலேயே, பேசிய நேரத்திலேயே, ஒரு சொல் குறையாமல் கேட்கும். இதில் அந்த ஊருக்கு வியப்பு ஒன்றும் மிச்சமில்லை.

தொடக்கத்தில் சிறிது இருந்தது. ஓர் ஆடி மாதத்து விடியலில், பால் விற்கும் சண்முகவடிவின் வாசலில் நின்று அவன் வாயசைத்தான், சத்தம் வரவில்லை. "என்ன அண்ணாச்சி, தொண்டை கட்டிட்டுதோ? கருப்பட்டிக் காப்பி குடிங்க" என்று சொல்லி அவள் அடுத்த ஆளுக்கு ஊற்றப் போய்விட்டாள். மறுநாள் விடியலில் அவள் கேனைத் திறக்கும்போது, ஆளில்லாத வாசலில் "அரை லிட்டர் பால் தாங்க" என்று அவனுடைய குரல் கேட்டது. பால்காரிக்குப் பால் கேட்டால் ஊற்றத்தான் தெரியும். ஊற்றி மூடி வைத்தாள். அதன்பிறகுதான் ஆவுடையப்பன் தூக்குச்சட்டியோடு தெருமுனையில் வந்தான். அன்றிலிருந்து முந்தைய நாள் கேட்டதை அவள் மறுநாள் ஊற்றினாள், அவனும் நாளைக்கு வேண்டியதை இன்று கேட்டுவிட்டுப் போனான், கணக்கு நேராகிவிட்டது.

ஊர் அதற்கேற்றபடி தன்னைச் சற்றே ஒதுக்கிக்கொண்டது. தேரடியில் அவன் நின்று பேசும் இடத்தில் ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்துவதில்லை. மறுநாள் குரல் வந்து வண்டிக்குள் கேட்டால் சவாரி ஏறியவர் பயந்து இறங்கிவிடுகிறார் என்பது அவர்கள் கண்ட அனுபவம். செல்லத்துரையின் டீக்கடை பெஞ்சில் ஓரமாக ஓர் ஆள் உட்காரும் இடம் எப்போதும் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்திலிருந்து வரும் நேற்றைய கருத்தோடு இன்றைய ஆட்கள் சண்டை பிடிப்பார்கள். "அது எப்படிவே சொல்லலாம்?" என்று வெறும் பெஞ்சைப் பார்த்து ஒருவர் கையை ஓங்க, "நாளைக்கு வந்து பதிலை வாங்கிக்கிடும், இப்ப டீயைக் குடியும்" என்று செல்லத்துரை சமாதானம் செய்து வைப்பார். கலியாண மண்டபத்தில் இன்றைய மணமக்களுக்கு அவன் சொன்ன வாழ்த்து நாளைய மணமக்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நாளைய வீட்டார் அதைத் தங்கள் பேறு என்று கொண்டாடினார்கள். நாளடைவில் பெண்வீட்டார் அவன் முந்தைய நாள் அங்கே வருவானா என்று விசாரித்துத் தேதி குறிப்பதும் உண்டாயிற்று. சிவன் கோயிலில் அவன் சொன்ன நட்சத்திரம் மறுநாள் சன்னிதியில் ஒலிக்க, குருக்கள் அப்போதுதான் அர்ச்சனைத் தட்டை எடுப்பார். "சுவாமிக்கு நேத்தென்ன, இன்னைக்கென்ன? விண்ணப்பம் எப்ப வந்தாலும் அவர் திருச்செவிக்கு அது இப்பத்தான்" என்பார் அவர்.

உண்மையில் ஆவுடையப்பனுக்கு அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. சிறு வயதிலிருந்தே அவன் சொல்லைத் தேடி எடுத்துவர நேரமாகும். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்தால் தேடியதும் கைநழுவிவிடும். அதனால் அவன் தொடங்கிய வாக்கியங்களையெல்லாம் பிறரே முடித்துவைத்தார்கள். "தண்ணி வேணுமா, தாரேன் தாரேன்" என்று, அவன் கேட்க வந்தது தண்ணீர்தானா என்று பாராமல், அவன் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள். குரல் பின்தங்கத் தொடங்கிய பிறகு அதை முடித்துவைக்க எவராலும் முடியவில்லை. அவன் வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு வாயசைத்தான். மறுநாள் அது முழுதாக, வெட்டுப்படாமல், நல்ல நாகஸ்வரத்தின் நிறைவோடு வந்தது. அவனுக்கு நாற்பது வயதான பிறகுதான், இவனுக்கு இவ்வளவு விஷயம் தெரியும் என்பது மங்கலத்துக்குத் தெரிந்தது.

அண்ணன் கோமதிநாயகத்தால் மட்டும் அதை அப்படி ஏற்க இயலவில்லை. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர், தம்பியை நகரத்துக்கு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருத்துவர் படங்களைக் காட்டிக் கேள்விகள் கேட்டார். ஆவுடையப்பன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக வாயசைத்தான். மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் 'பதில் இல்லை' என்று எழுதினார். மறுநாள் அதே நேரத்தில் அதே நாற்காலியில் தூக்கம் வராத ஒரு வியாபாரி அமர்ந்திருந்தபோது, அவர் மடியிலிருந்தே ஆவுடையப்பனின் பதில்கள் வரிசையாக எழுந்தன. பயம் என்றால் என்ன, தனிமை என்றால் என்ன, பிறர் நம்மைப் போல இல்லாதது யாருடைய குற்றம் என்றெல்லாம் அந்தக் குரல் சொல்லக் கேட்டு, வியாபாரி மருந்து வாங்காமலே வீட்டுக்குப் போய் அயர்ந்து உறங்கினார். மருத்துவர் நல்லவர், ஆயினும் குறித்த நேரத்துக்குள் வராத பதிலை எழுதுவதற்கு அவருடைய தாளில் கட்டம் இல்லை.

கோமதிநாயகத்துக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்பதை ஊர் அறியாது. மறைந்துபோன அவர் மனைவி மட்டும் அறிந்திருந்தாள். நாலு பேர் கூடும் இடத்தில் பேசவேண்டிய ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் முன்கூட்டியே மனத்துக்குள் கட்டி, பலமுறை சொல்லிப் பார்த்து, மடித்த சட்டை போல எடுத்துப் போகிறவர். எங்கே சிரிக்கவேண்டும் என்பதைக் கண்ணாடி முன் நின்று கற்றுக்கொண்டவர். சட்டைக் கழுத்தின் உட்புறம் உறுத்தும் கடைப்பெயர்த் துண்டுத் துணியை அவள் கத்தரித்துக் கொடுத்தால்தான் அவரால் அணிய முடியும். இலையில் பச்சடி வழிந்து பொரியலைத் தொட்டுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு விதி தவறக் கண்டால், அதைச் சொல்லாமல் இருப்பது அவருக்கு நெருப்பை விழுங்குவதற்குச் சமம். இதையெல்லாம் ஊர் "கறாரான மனுஷன்" என்று மெச்சியது. ஒரே வயிற்றில் பிறந்த ஒரே இயல்புக்குத் தம்பியிடத்தில் குறை என்றும் அண்ணனிடத்தில் ஒழுக்கம் என்றும் பெயர் வந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதிலேயே கோமதிநாயகத்தின் ஆயுள் கழிந்தது. தம்பியைப் பார்க்கும்தோறும் தன்னுடைய மூடிவைத்த பெட்டி நடுத்தெருவில் திறந்து கிடப்பது போல அவருக்கு இருந்தது.

இந்த நிலையில்தான் பெங்களூரிலிருந்து மகள் காந்திமதி அவரைத் தன்னோடு வந்துவிடும்படி அழைத்தாள். மருமகன் வீட்டில் அவருக்கு ஓர் அறை உண்டு, தம்பிக்கு இல்லை. மகளே விசாரித்து நகரத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சித்தப்பாவுக்கு இடம் ஏற்பாடு செய்தாள். சுத்தமான இடம், மூன்று வேளை உணவு, ஆனால் அங்கே எவரும் நேற்றைய பேச்சுக்காக இன்று காத்திருக்கப் போவதில்லை. நாள்தோறும் ஆட்களை வேறு வேறு இடத்தில் அமர்த்துவார்கள். அவன் பசி என்று சொன்னது மறுநாள் இன்னொருவர் பக்கத்தில் கேட்கும். மங்கலத்துக்கு வெளியே ஆவுடையப்பன் மெய்யாகவே ஊமையாகிவிடுவான். இது கோமதிநாயகத்துக்குத் தெரியும். தெரிந்தே, தாம் போனபிறகு அவனை யார் பார்ப்பார்கள் என்ற பயத்தில் மனு எழுதினார்.

மனு எதற்கென்றால், அண்ணனும் தம்பியும் குடியிருந்த வீடு உட்படத் தெப்பக்குளத்து வீடுகள் எல்லாம் தெற்குத்தெருச் சபைக்குச் சொந்தம். குடியிருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவோ, தம்பி பெயருக்கு மாற்றவோ சபைதான் தீர்மானிக்க வேண்டும். உரிமையைச் சபையே எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர் எழுதியிருந்தார். சபைக்கு ஆதிகாலத்து முறை ஒன்று உண்டு. மண்டபத்து வெண்கல மணி அடித்தபின் சொன்னதே சொல். அதற்கு முன்னால் பேசியது வெறும் பேச்சு. ஒருவருக்காக இன்னொருவர் பேசக்கூடாது. தலைவர் மூன்று முறை ஆட்சேபம் உண்டா என்று கேட்பார். எதுவும் காதில் விழாவிட்டால் அனைவருக்கும் சம்மதம். மறுபடி மணி அடித்தால் முடிந்தது முடிந்ததுதான். அடுத்த சபை அடுத்த வருஷம்.

எப்போதும் சனிக்கிழமை மாலை நாலரைக்குக் கூடும் சபையை, ஒரு கலியாணத்தை முன்னிட்டு அந்த முறை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள்; நேரத்தை மாற்றவில்லை.

சனிக்கிழமை மாலை ஆவுடையப்பன் வெள்ளை வேட்டி உடுத்து, நீறு பூசி, வீட்டை விட்டுப் புறப்பட்டான். கோமதிநாயகம் பின்தொடர்ந்தார். தம்பி ஆளற்ற சபை மண்டபத்துக்குள் போய், நாலரை அடிக்கும்வரை தூணோரம் நின்று, பிறகு நடுவே வந்து, தலைவரின் காலி நாற்காலியை நோக்கிக் கைகூப்பி வாயசைத்தான். முகங்கள் இல்லாத அந்த இடத்தில் அவனுக்குத் தடுமாற்றமே இல்லை. நாளைய சபையின் நடுவில் ஒலிக்கவேண்டியதை அவன் இன்றே வைத்துவிட்டுப் போகிறான் என்று கோமதிநாயகத்துக்கு விளங்கியபோது, கதவுக்கு வெளியே நின்ற அவருக்குக் கண் நிறைந்தது. குரல் பின்தங்கியதை எதிர்த்து ஓடாமல், அதன் நடைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த ஒருவனால் மட்டுமே அப்படி யோசிக்க முடியும். தமது மனு தோற்றுப்போகட்டும் என்று அவர் அன்று ஈசனை வேண்டிக்கொண்டார்.

ஞாயிறு மாலை மண்டபம் நிரம்பியது. சபையில் உறுப்பினர் அல்லாத செல்லத்துரையும் வாசல்படியில் வந்து நின்றார். தலைவர் பிறவிப்பெருமாள் பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மணியின் நாக்கைப் பற்றினார். நேரம் சரியில்லை என்பது சிலருக்கு அப்போதே தெரிந்திருந்தது. சீக்கிரம் வீடு திரும்பவேண்டி வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். கோமதிநாயகத்தால் முடியவில்லை. நெருப்பு தொண்டைக்கு வந்தது.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம்லா?"

தலைவர் மணியை விட்டுவிட்டார். "அட, ஆமா. நல்ல வேளை, மனுஷன் ஞாபகப்படுத்துனாரு. ஆறு மணிக்கு அடிச்சுக்கிடுவோம். இருங்கய்யா எல்லாரும்."

"கறார்னா கறார்" என்று பின்னாலிருந்து ஒருவர் சலித்துக்கொள்ள, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தாம் என்ன செய்துவிட்டோம் என்பது கோமதிநாயகத்துக்கு உறைப்பதற்குள், மண்டபத்தின் நடுவிலிருந்து ஆவுடையப்பனின் குரல் எழுந்தது.

"பெரியவங்க எல்லாருக்கும் கும்பிடு. எனக்கு ஆட்சேபம் உண்டு. நான் இந்த ஊர்லயே இருக்கணும். வேற எங்கயும் எனக்காக யாரும் காத்திருக்க மாட்டாங்க. இங்க பால்காரம்மா காத்திருக்கா. டீக்கடையில இடம் விட்டு வச்சிருக்காங்க. சாமியும் காத்திருக்கார். எனக்குச் சொகமில்லைன்னு அண்ணன் நினைக்கான். எனக்கு ஒரு கொறையும் இல்லை. நான் பிந்தி வாரேன், அவ்வளவுதான். வீட்டை எம்பேருக்குத் தாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

ஆவுடையப்பன் தூணோரம் நின்று தன் குரலைக் கேட்டு, சரியாக வந்துவிட்டது என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். மணி அடிக்கவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. மண்டபத்தில் பலர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்கள்.

"பெறகென்ன? வீட்டை அவன் பேருக்கு எழுதிட்டுப் போவீங்களா!" என்றார் வாசலிலிருந்து செல்லத்துரை.

"நாங்களும் கேட்டோம்வே. நெஞ்சு உருகிட்டுது. ஆனா மணி அடிக்கலையே" என்றார் தலைவர்.

"மணியா வே பேசிச்சு? ஆளுல்லா பேசிருக்கான்!"

"மணிக்கு முன்னால சொன்னதை இன்னைக்கு எடுத்துக்கிட்டா, நாளைக்கு உம்ம டீக்கடையில சொன்னதையும் எடுத்துக்கிடணும். தாங்குமா இந்தச் சபை? அதுவும் ராகுகாலத்துல விழுந்த சொல்லு." தலைவரின் குரலில் கொடுமை இல்லை, அவருக்கு அந்த முறையைத் தவிர வேறொன்றும் கையில் இல்லை. "ஆறு மணிக்குக் கேக்கேன். அப்ப சொல்லட்டும்."

"அப்பச் சொன்னா நாளைக்குல்லா கேக்கும்?"

எல்லோரும் தலைகுனிந்து வெற்றிலை மென்றார்கள். ஆறு மணிக்கு வெண்கல மணி முழங்கியது.

"ஆவுடையப்பன் பெரிய மனுஷன். அவனே சொல்லட்டும். வீட்டுரிமையைச் சபை எடுத்துக்கிடுததுக்கு ஆட்சேபம் உண்டா?"

ஆவுடையப்பன் தூணோரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்து வாயசைத்தான். எல்லோரும் பார்த்தார்கள்.

"ரெண்டாந்தரம். ஆட்சேபம் உண்டா?"

மறுபடி அசைத்தான். புறாக்கள் மட்டும் விட்டத்தில் சிறகடித்தன.

மூன்றாம் முறை கேட்பதற்கு முன் தலைவர் நிறுத்தினார். கோமதிநாயகத்தை நேராகப் பார்த்தார். "மனு கொடுத்தது நீரு. நீரு வாபஸ்னு ஒரு வார்த்தை சொன்னா சோலி முடிஞ்சுது. சொல்லும்வே."

மண்டபம் முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. சொல்லவேண்டும் என்று அவர் உயிரே துடித்தது. ஆனால் அந்த வாக்கியம் அவர் கட்டி எடுத்து வந்த வாக்கியம் அல்ல. அதை அவர் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. அத்தனை முகங்களும் அவர்மேல் விழுந்தன. எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். நாக்கு அசைந்தது, உதடு அசைந்தது; காற்று மட்டும் வந்தது. கண்ணாடியில் கற்ற சிரிப்பு தானாகவே முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

அதைப் பார்த்தவர்கள், முடிவில் உறுதியாக இருக்கிறார் என்று கொண்டார்கள். "கறாரான மனுஷன்" என்றது ஒரு குரல், இம்முறை மெச்சாமல்.

"மூணாந்தரம். ஆட்சேபம் உண்டா?" தலைவர் நெடுநேரம் காத்திருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மணியை அடித்தார். வீடு, காத்திருப்போர் வரிசையில் அடுத்து இருந்த குடும்பத்துக்குப் போயிற்று. அவர்கள் சாவியை வாங்கும்போது அழுதுகொண்டே வாங்கினார்கள்.

திங்கட்கிழமை மாலை இல்லத்து வேன் வந்து தேரடியில் நின்றது. சண்முகவடிவு தூக்குச்சட்டி நிறையப் பாலைக் கொண்டுவந்து, இதை எங்கே வைத்துக் குடிப்பான் என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஆவுடையப்பன் வேனில் ஏறவில்லை; மண்டபத்தை நோக்கி நடந்தான். முக்கியமாக ஏதேனும் சொல்லியிருந்தால் மறுநாள் அது ஒலிக்கும்போது அருகில் போய் நிற்பது அவன் வழக்கம். ஆளில்லாத இடத்தில் குரல் மட்டும் தனியாக நிற்கக்கூடாது என்பது அவன் எண்ணம். கோமதிநாயகமும் உடன் போனார்.

காலி மண்டபத்தில் இருவரும் நின்றார்கள். ஆறு மணி கழிந்தது. "ஆட்சேபம் உண்டு" என்றது தம்பியின் குரல். சற்றுப் பொறுத்து, "உண்டு ஐயா" என்றது. அப்போது கோமதிநாயகம் நேற்று எழுந்து நின்ற இடத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. நடுங்கிய, கட்டப்படாத, அவரே இதுவரை கேட்டிராத தம் குரல்.

"வாபஸ் வாங்கிக்கிடுதேன். தம்பி இங்கயே இருக்கட்டும். நானும் அவனை மாதிரித்தான். ஒளிச்சு வச்சுட்டேன்."

தலைவரிடம் ஓடினார். பிறவிப்பெருமாள் பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். மணி அடித்தாயிற்றே என்று மட்டும் சொன்னார். தேரடியில் வேன்காரர் ஒலிப்பானை அழுத்தினார்.

திரும்பி வந்தபோது தம்பி மண்டபத்தின் நடுவில் அவருக்காக நின்றிருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. ஊரில் தன்னைப் போல இன்னொரு ஆள் அகப்பட்டுவிட்ட மகிழ்ச்சி கூடச் சிறிது தெரிந்தது. அண்ணனை நோக்கி ஏதோ வாயசைத்தான். பிறகு தானே நடந்து போய் வேனின் சன்னலோரம் அமர்ந்தான். வேன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை பெங்களூர் ரயில் அவரில்லாமல் போனது. மாலையில் கோமதிநாயகம் மண்டபத்தில் தனியாக, வெறுந்தரையில் அமர்ந்து காத்திருந்தார். வெயில் தூண்களில் ஏறி மறைந்த பிறகு குரல் வந்தது.

"அண்ணே, நீயும் இனிமே பையச் சொல்லு. முடிச்சு வைக்க ஆள் வரமாட்டாங்க. நல்லா இருக்கும்."

அவ்வளவுதான். அதற்குப் பதில் சொல்ல அவர் வாயெடுத்த வேளையில் சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது.

"அப்பா, எங்க இருக்கிய? ஸ்டேஷன்ல எவ்வளவு நேரம் தேடுனோம் தெரியுமா? சித்தப்பாவை விட்டாச்சா? அப்பா? சத்தமே கேக்கலையே. ஹலோ? ஹலோ?"

அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். தம்பியைப் பற்றி, தம்மைப் பற்றி, அவளுடைய அம்மா கத்தரித்துத் தந்த கழுத்துத் துணிகளைப் பற்றி, முன்கூட்டிக் கட்டிவைக்காத சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இணைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டுவிட்டது. கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல், அவசரமில்லாமல், இருட்டும்வரை பேசி அவர் சொல்லி முடித்தார்.